விலங்குக் காப்பகத்திற்கு அரசு மானியம்: கேட்டவர்கள், பெற்றவர்கள், திருப்பிக் கொடுத்தவர்கள்

திண்டுக்கல் மாவட்டம், நாய்க் காப்பகம் (தொடங்கிவைப்பவர்)

அனைவருக்கும் வணக்கம். காப்பகம் நடத்தும் நம்மில் பலருக்கு அரசு மானியம் என்பது காதில் விழுந்த செய்தியாக இருக்கிறதே தவிர, விண்ணப்பித்து, பெற்று, செலவழித்து, கணக்கும் ஒப்படைத்தவர்களின் அனுபவம் எழுத்தில் கிடைப்பதில்லை. ஆகவே என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடந்ததை நடந்தபடி எழுதுமாறு மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களிடம் ஏறத்தாழ 140 நாய்களும், செங்கல் சூளையிலிருந்து மீட்ட நான்கு கழுதைகளும் இருக்கின்றன. இந்திய விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்த பிறகு, தீவனத்திற்கும் மருந்திற்கும் வழங்கப்படும் வழக்கமான மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்து, முதல் வேலையாக ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொண்டுபோனோம். அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

எங்கள் பெருஞ்செலவு கோழிக்கடைச் செலவு. காலை ஆறரை மணிக்குக் கடைக்காரர் கால், தலை, ஈரல் துண்டுகளை நீல நிறப் பீப்பாயில் போட்டு வைத்திருப்பார். நாங்கள் எடுத்து வந்து குருணை அரிசியோடு வேகவைப்போம். எடையையும் தொகையையும் அவர் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதித் தருவார். அந்தத் தாள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கம்பியில் குத்திப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததில் எனக்குப் பெருமைகூட உண்டு. தணிக்கையாளர் நான்கைந்தை உருவிப் பார்த்துவிட்டு, "அம்மா, முன்பக்கத்தில் இருக்கிற தேதியை நம்புவதா, பின்பக்கத்தில் இருக்கிற தொகையை நம்புவதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரர் கிழித்துத் தந்ததெல்லாம் முந்தைய நாளின் தாள். சில சமயம் முந்தைய வாரத்துத் தாள். ஒரே தேதியில் மூன்று கொள்முதல் இருந்தது. கடையே திறக்காத மகாவீரர் ஜெயந்தியன்று ஒரு கொள்முதல் இருந்தது. அந்த ஆண்டின் தீவனச் செலவில் பெரும்பகுதி கணக்கில் ஏறவே இல்லை. நாய்கள் சாப்பிட்டது உண்மை. காகிதத்தில் அவை பட்டினி கிடந்தன.

அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டு என்ன செய்தோம் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஏனென்றால் ஓய்வுக்குப் பின் ஒரு விலங்கு நல அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதித் தரும் நான் அதே போன்ற கம்பியைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது வேறு வகைச் சிக்கல். பணம் வந்த பிறகு நேர்ந்தது.

மத்திய அரசின் மானியம் எதுவாக இருந்தாலும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்குக் கட்டுப்பட்டது. பணத்தை எதற்காகப் பெற்றோமோ அதற்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மானியத் தொகை வங்கியில் கிடக்கும் காலத்தில் அதற்குச் சேரும் வட்டி நம்முடையதல்ல, அதை அரசின் தொகுப்பு நிதிக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது எங்கள் அறங்காவலர்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் வங்கியில் வட்டி கணக்குப் போட்ட எனக்கே விதியைப் படிக்கும்வரை அது தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தொகை பெரிதில்லை; சில ஆயிரம் ரூபாய்தான். சிக்கல் என்னவென்றால், மானியத்தை நன்கொடைகள் வரும் அதே சேமிப்புக் கணக்கில் வாங்கியிருந்தோம். ஒருவர் தன் தாயாரின் திதிக்கு அனுப்பிய 500 ரூபாயும், பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையும், அரசுப் பணமும் ஒரே குளத்தில் கலந்துவிட்டன. எந்த நாளில் மானியத்தின் இருப்பு எவ்வளவு, நன்கொடையின் இருப்பு எவ்வளவு என்று பிரித்து, நாள்வாரியாக வட்டி போட்டுப் பார்க்க நானும் ஒரு கல்லூரி மாணவரும் பதினொரு மாலைகள் உட்கார்ந்தோம். பிரித்தெடுத்த வட்டியைச் செலுத்தி, ரசீதையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மானியத்திற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்காதவர்கள் இன்றே தொடங்கிவிடுங்கள். மானியப் பணத்தில் வாங்கிய பொருளுக்குத் தனிப் பதிவேடும் வேண்டும். அந்தப் பொருளை முன் அனுமதியின்றி விற்கவும் கூடாது. எங்கள் அறக்கட்டளையில் ஓடாமல் நிற்கும் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி அந்தக் காரணத்தால்தான் இன்னும் மருந்தறையின் மூலையில், மேலே செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

நாகப்பட்டினம் மாவட்டம், கோசாலை

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே சற்றுப் பின்னிருந்து தொடங்குவதை மன்னிக்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் முதல் தலைவராக இருக்க விலங்கு நல வாரியம் அமைந்தது. பல்லாண்டுக் காலம் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு சந்தேகம் என்றால் இரவுப் பேருந்தில் ஏறி, விடிந்ததும் திருவான்மியூர் கடற்கரையில் முகம் கழுவிக்கொண்டு, அலுவலகம் திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, நேரில் கேட்டுவிட்டுத் திரும்புவேன். 2018இல் தலைமையகம் அரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாறிய பிறகு அந்தப் பயணத்திற்கு இடமில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. என் பேத்தி ஏற்றுகிறாள், நான் கையொப்பமிடுகிறேன்.

நான் விண்ணப்பித்தது கொட்டகை கட்டும் திட்டத்திற்கு. அந்நாளில் அந்தத் திட்டத்தின் உச்ச வரம்பு 25 லட்சம் ரூபாய் மதிப்பீடு. அதில் 90 விழுக்காடு, அதாவது இருபத்திரண்டரை லட்சம் வரை, மானியமாகக் கிடைக்கும். எஞ்சிய பத்து விழுக்காட்டை அமைப்பு தன் கையிலிருந்து போட வேண்டும். எல்லோரும் 90 விழுக்காட்டையே பார்க்கிறார்கள். மழையில் நனையும் மாடுகளுக்குத் தார்ப்பாய் வாங்கவே நன்கொடை கேட்கும் ஒரு சிற்றூர்க் கோசாலைக்கு அந்தப் பத்து விழுக்காடுதான் மலை.

அந்த மலையை எப்படியோ ஏறினோம். தடுக்கி விழுந்தது நிலத்தில். கோசாலை இருக்கும் ஒன்றரை ஏக்கர் எங்கள் குடும்பச் சொத்து. பட்டா காலமான என் பெரியப்பாவின் பெயரிலேயே இருந்தது. அரசுப் பணத்தில் எழும் கட்டடம் தனி ஆளின் நிலத்தில் நிற்க முடியாது என்பது நியாயமான நிபந்தனைதான். நிலம் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், அல்லது நீண்ட காலக் குத்தகையாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, புலப்படம் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். பெரியப்பாவின் மூன்று பிள்ளைகளில் இருவர் உடனே கையொப்பமிட்டார்கள். மூன்றாமவர், "மாட்டுக்குக் கொடுக்கிறேன் அண்ணா, ஆனால் அரசாங்கத்துக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். குத்தகை வேறு, கொடை வேறு என்று அவருக்கு விளக்கிப் புரியவைக்க ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல்வரை ஆயிற்று.

எல்லாம் கூடிவந்த நிலையில், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. பழைய கொட்டகையின் தகரங்கள் பக்கத்து வயலில் கிடந்தன. ஒன்பது மாடுகளை இழந்தோம். மாடுகளின் வரவு, பிறப்பு, இறப்பு எழுதிய பதிவேடு, தென்னை மரம் விழுந்து பிளந்த அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் நீரில் ஊறிக் கிடந்தது. ஊதா மை பரவி, பக்கம் முழுவதும் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. இயற்கைப் பேரிடரில் சிக்கிய விலங்குகளுக்கென்று ஒரு மானியத் தலைப்பே உண்டு. ஆனால் புயலுக்கு முன் எங்களிடம் எத்தனை மாடுகள் இருந்தன என்பதைக் காட்ட என்னிடம் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டபோது எழுதிவைத்த எண்ணிக்கைதான் கடைசியில் கைகொடுத்தது. இப்போது என் பேத்தி ஒவ்வொரு ஞாயிறும் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து எங்கோ சேமிக்கிறாள். எங்கே என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறாள்.

கோயம்புத்தூர், கால்நடை மருத்துவர்

ஐயாவின் பதிவேட்டைப் பற்றிப் படித்ததும் என் அனுபவத்தை எழுதத் துணிந்தேன். பலருக்கு அருவருப்பாக இருக்கக்கூடும். உணவு வேளையில் படிக்க வேண்டாம்.

தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தில் நான் சேர்ந்த காலத்தில் வாரியத்தின் மானியம் நாய் ஒன்றுக்கு 445 ரூபாய். பிடித்துக் கொண்டுவந்து, பின் அதே தெருவில் விடுவதற்கு 75, அறுவைக்கும் மருந்திற்கும் உணவிற்கும் பின்பராமரிப்பிற்குமாகச் சேர்த்து 370. பெண் நாய் ஒன்றைத் தையல் ஆறும்வரை வைத்திருந்து அனுப்ப அது போதாது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். திருத்தப்பட்ட திட்டத்தில் இப்போது நாய்க்கு 800, பூனைக்கு 600 என்று உயர்த்தியிருக்கிறார்கள். எங்கள் அமைப்பில் பற்றாக்குறையை நன்கொடையால்தான் ஈடுகட்டினோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது தொகையைப் பற்றியன்று, எண்ணிக்கையைப் பற்றி. அறுவை நடந்தது என்பதற்கு மருத்துவரின் கையொப்பம் மட்டும் போதாது. அகற்றிய உறுப்புகளை ஃபார்மலின் ஊற்றிய வாளிகளில் போட்டு மூடிவைத்து, ஆய்வுக் குழு வரும் நாளில் எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணி முடித்து, எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அவை எரியூட்டப்படும். கண்ணெரிச்சலில் நீர் வழிய, கையுறை அணிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து எண்ணும் அந்த வேலையை எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

ஒரு முறை 27 ஆண் நாய்கள்; விதைகள் 54 இருக்க வேண்டும். எண்ணினால் 53. மறுபடி எண்ணினோம், 53தான். குழுவில் வந்திருந்த அதிகாரி ஒன்றும் பேசாமல் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். செய்யாத அறுவையைக் கணக்கில் காட்டியிருந்தால் நாய்க்கு இரண்டாக, எண்ணிக்கை இரட்டைப்படையில் குறைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் மோசடியில் தேர்ந்தவன் பேசுவது போல இருக்கும். அறுவைக் குறிப்புத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பதினெட்டாவது தாளில், என் கையெழுத்திலேயே, ஒரு செவலை நாய்க்கு இடது விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே இருந்ததும், நாய் மயக்கத்தில் தாக்குப்பிடிக்காத நிலையில் அதைத் தேடுவதை நிறுத்தியதும் எழுதியிருந்தன. அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். அந்த நாயைப் பிறகு மீண்டும் பிடித்து வந்து மறு அறுவை செய்தேன். அதற்கு நாங்கள் எந்தத் தொகையும் கேட்கவில்லை.

இன்னொரு பெண் நாய்க்கு மயிர் மழித்து, வயிற்றைத் திறந்து பார்த்தால் கருப்பை இல்லை. ஏற்கெனவே எங்கோ கருத்தடை செய்யப்பட்டிருக்கிறது. அடையாளத்திற்காகக் காது நுனியில் வெட்டியிருந்த இடத்தை நாய்ச் சண்டையில் வேறொரு நாய் கடித்துக் குதறியிருந்தது. அந்த அறுவையும் எங்கள் செலவுதான். 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய கருத்தடை விதிகள் வந்த பிறகு, வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று இல்லாமல் எந்த அமைப்பும் இந்தப் பணியைத் தொடங்க முடியாது. கடுமை என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்த 53ஐ எண்ணியவன் என்ற முறையில் எனக்கு அதில் குறையில்லை.

சிவகங்கை, புதிய உறுப்பினர்

நான் இன்னும் எதுவும் பெறவில்லை. விண்ணப்பம் தயாரிக்கும் நிலையில்தான் இருக்கிறேன். கைவிடப்பட்ட, காயம்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் 20 கோடி ரூபாயில் அறிவித்த வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் குழுவை அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். அதுவரை நாங்கள் ஆறு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் மட்டுமே. நிரந்தரக் கணக்கு எண்ணுக்கும் (பான்), தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தர்பன் இணையதளப் பதிவிற்கும் அலைந்ததில் ஆறு பேர் நான்கு பேராகிவிட்டோம்.

மதுரை ஐயாவின் அறிவுரைப்படி தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டேன். கொட்டகைக்கு நிலம் இல்லை. கோழிக்கடைக்காரரிடம் ரசீது கேட்டால் அடுத்த நாளிலிருந்து கழிவையே தர மாட்டேன் என்கிறார். திண்டுக்கல் அம்மா அடுத்த ஆண்டு என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

திண்டுக்கல் மாவட்டம், நாய்க் காப்பகம்

தம்பி, எங்கள் கடைக்காரரும் முதலில் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரசீது என்ற சொல்லைக் கேட்டாலே வரி கேட்டு ஆள் வரும் என்ற பயம் அவருக்கு. அதனால் அவரிடம் ரசீது கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் காப்பகத்தின் பெயரில் வரிசை எண்ணிட்ட செலவுச் சீட்டுப் புத்தகம் அச்சடித்தோம். தேதி, எடை, தொகை ஆகியவற்றை நாங்களே எழுதுவோம். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையொப்பமிட்டால் போதும். இந்த ஏற்பாட்டைத் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். கூடுமானவரை வங்கி வழியாகவே பணம் கொடுங்கள் என்று அவர் சொன்னதால், வாரத்திற்கு ஒரு முறை கடைக்காரரின் மகன் கணக்கிற்கு அனுப்புகிறோம்.

அடுத்த ஆண்டு விண்ணப்பித்தோம். ஆய்வுக்கு வந்தவர் நாய்களை எண்ணிவிட்டு, சமையற்கட்டில் இருந்த சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு நாள் மட்டும் எடை ஏன் பாதியாக இருக்கிறது என்று கேட்டார். அன்று கடைக்காரர் மகளின் திருமணம். கடை பத்து மணிக்கே அடைத்துவிட்டது, நாங்களும் போயிருந்தோம் என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். மானியம் வந்தது, எங்கள் ஓராண்டுத் தீவனச் செலவில் மூன்று மாதத்திற்குக்கூட அது காணாது, ஆனாலும் வந்தது.

கடைக்காரர் இன்றும் நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதித்தான் தருகிறார், தம்பி. அதையும் வாங்கிச் சீட்டின் பின்னால் ஒட்டிவைக்கிறோம். இப்போது அவர் அன்றைய தாளையே கிழிக்கிறார்.