'டு'வுக்கும் வினைக்கும் நடுவில்: உங்களை விடாமல் துரத்தும் ஆங்கில வாக்கியம் எது?

செம்பேனா:

தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆண்டறிக்கையின் கடைசிப் படி. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு வரி: "த போர்டு டிசைடெட் குவிக்லி டு க்ளோஸ் த யூனிட்." இயக்குநர் குழு சட்டென்று முடிவெடுத்ததா, சட்டென்று மூட வேண்டும் என்று முடிவெடுத்ததா? 'குவிக்லி' என்ற வினையடை இரண்டு வினைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இருபக்கமும் பார்க்கிறது. வேலை இழந்தவர்களும் படிக்கப்போகிற அறிக்கை என்பதால் இது சின்ன விஷயமில்லை. கூட்டத்தில் ஒருவர் 'குவிக்லி'யைச் சுற்றி வட்டம் போட்டு இடப்பக்கமாக அம்பு வரைந்தார். எதிரே இருந்தவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, அதே வட்டத்திலிருந்து வலப்பக்கமாக ஓர் அம்பு வரைந்தார். நான் "டு குவிக்லி க்ளோஸ்" என்று மாற்றிக் கொடுத்தேன். குழப்பம் தீர்ந்தது என்று நினைப்பதற்குள் மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்ஃபினிட்டிவை உடைக்கலாமா? பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா?" என்று அதை அடித்துவிட்டுச் சொல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். 'டு'வும் வினையும் சேர்ந்த ஜோடிதான் இன்ஃபினிட்டிவ், நடுவில் எதுவும் நுழையக் கூடாதாம். அப்படியே அச்சானது.

பிளந்தால் என்ன:

உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள், அது விதியே இல்லை. 1864இல் ஹென்றி ஆல்ஃபர்டு என்ற சமய குரு, 'டு'வையும் வினையையும் பிரித்து எழுதுவது ஆங்கிலேயருக்கே தெரியாத பழக்கம் என்று எழுதிவைத்தார். 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே அந்தப் பழக்கம் இருந்தது என்பது வேறு கதை. பிறகு பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் விண்வெளிக் கப்பல் "டு போல்ட்லி கோ" என்று கிளம்பியபோது யாருக்கும் புரியாமல் போகவில்லை.

என் அனுபவம்: பயிற்சி வகுப்பு ஒன்றில் இதே 'விதி'யைக் கரும்பலகையில் எழுதிய பயிற்றுநரிடம், "வீ எக்ஸ்பெக்ட் டு மோர் தன் டபுள் அவர் சேல்ஸ்" என்ற வரியைக் கொடுத்து, அந்த 'மோர் தன்'னை வேறு இடத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றேன். 'டு'வுக்கு முன்னால் எழுதிப் பார்த்தார், அழித்தார். வரியின் கடைசியில் எழுதினார், அழித்தார். சுண்ணக்கட்டி கையில் இருக்க, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

இரவுப்பணி:

'பிளந்தால் என்ன' சொல்கிற வரலாறு சரி. ஆனால் அறிக்கையைப் படிப்பவர் அந்த வரலாற்றைப் படித்துவிட்டா வருகிறார்? "டிசைடெட் டு க்ளோஸ் த யூனிட் குவிக்லி" என்று கடைசியில் வைத்திருந்தால் பொருளும் தெளிந்திருக்கும், மூத்தவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார். உடைப்பதா வேண்டாமா என்று மல்லுக்கு நிற்பதில் பாதி நேரம் வீண்.

என்னைத் துரத்துவது வேறு வரி. தோழி ஒருத்தியின் வேலை விண்ணப்பம். கடைசி வரியில் "ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ" என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து பார்த்தார். "'டு'வுக்குப் பிறகு மூல வினைதானே வரும்?" என்று சொல்லிக்கொண்டே, அவள் அனுமதியைக்கூடக் கேட்காமல் 'இங்'கை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அந்த 'டு' இன்ஃபினிட்டிவின் 'டு' இல்லை, முன்னிடைச்சொல் (ப்ரெப்பொசிஷன்) என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த மூன்று எழுத்துகள் திரையிலிருந்து மறைந்தது கண்ணிலேயே நிற்கிறது. 'அப்ஜெக்ட் டு', 'பீ யூஸ்ட் டு' எல்லாம் இதே கதைதான். எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். "லுக் ஃபார்வர்டு டு இட்" நிற்கும். "வான்ட் டு இட்" நிற்காது.

நேரலை பார்த்தவன்:

2009 ஜனவரி 20. ஒபாமாவின் பதவியேற்பை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் காகிதம் இல்லாமல் நினைவிலிருந்து உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தார். அரசியல் சட்டத்தில் 'ஃபெய்த்ஃபுலி' என்பது 'எக்ஸிக்யூட்' என்ற வினைக்கு முன்னால் நிற்கிறது. அவர் அதை வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். போதாததற்கு 'பிரசிடென்ட் ஆஃப்' என்பது 'பிரசிடென்ட் டு' ஆகிவிட்டது. ஒரே மூச்சில் ஒரு வினையடையும் ஒரு முன்னிடைச்சொல்லும் இடறின. ஒபாமா சொல்லத் தொடங்கி நிறுத்தினார். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு புன்னகை. 'திருத்திக்கொள்ளுங்கள்' என்று கண்ணாலேயே சொன்னதுபோல இருந்தது. மறுநாள் வெள்ளை மாளிகையில் எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில் இருக்க இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார். இடம் மாறியதால் அந்த வினையடையின் பொருள் கொஞ்சமும் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஷரத்து வாசகி:

பொருள் மாறாத உதாரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். மாறுகிறதும் உண்டு. அதே 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 'நோயிங்லி' என்ற ஒரு வினையடை வழக்காடியது. பிறருடைய அடையாள எண்ணைத் 'தெரிந்தே' பயன்படுத்துவது குற்றம் என்கிறது சட்டம். எண்ணைப் பயன்படுத்துவது மட்டும் தெரிந்தால் போதுமா, அது இன்னொரு உண்மையான மனிதருடைய எண் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமா? வினையடை வாக்கியத்தின் கடைசிவரை எட்டும், அதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் அனைவரும் சொன்னார்கள்.

நான் ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கிறவள். என்னை உறுத்துவது 'ஆர்'. ஓர் உத்தரவாதப் பத்திரத்தில் "ரிப்பேர் ஆர் ரிப்ளேஸ்மென்ட் ஆஃப் பார்ட்ஸ் டேமேஜ்டு இன் ட்ரான்ஸிட்" என்று இருந்தது. பழுதுபார்ப்பு எதற்கும் உண்டா, வழியில் உடைந்ததற்கு மட்டுமா? தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அப்புறம், "எப்படி இருக்கிறதோ அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. குழப்பத்தையே விரும்புகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் வண்டி ஓட்டுநர்களின் வழக்கைப் பலரும் காற்புள்ளி வழக்கு என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அது 'ஃபார்', 'ஆர்' இரண்டும் மோதிய வழக்கு. மிகைநேர ஊதியம் கிடையாது என்று சட்டம் அடுக்கிய வேலைகளின் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று அப்போது இருந்தது, 'ஆர்'க்கு முன்னால் காற்புள்ளி இல்லாமல். 'டிஸ்ட்ரிபியூஷன்' தனி வேலை என்றது நிறுவனம். இல்லையென்றால் பட்டியலின் கடைசி உறுப்புக்கு முன்னால் வர வேண்டிய இணைப்புச்சொல்லே இல்லாமல் போகும் என்பது அதன் வாதம். பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்'கில் முடிகின்றன, 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' இரண்டும் முடியவில்லை. ஆகவே இரண்டும் 'ஃபார்' என்ற முன்னிடைச்சொல்லுக்குக் கீழே அடங்கியவை, கடைசி வேலை பொதி கட்டுவது மட்டும்தான் என்றார்கள் ஓட்டுநர்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இலக்கண வாத்தியார்:

என் அனுபவம் ஒரு வரிதான்: 'பிஃபோர்' எந்த வகைச் சொல் என்று கேட்ட மாணவனிடம் மூன்று வகை என்றேன், "ஒரே சொல்லுக்கு எதற்கு ஐயா மூன்று பெயர்?" என்று திருப்பிக் கேட்டான்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொல்லைப் பார்த்து வகை சொல்லாதீர்கள், பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். "பிஃபோர் லன்ச்" என்றால் பின்னால் பெயர்ச்சொல். "பிஃபோர் ஹீ கேம்" என்றால் பின்னால் முழு வாக்கியம். "ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்" என்றால் பின்னால் ஒன்றுமே இல்லை. பழைய இலக்கணம் இவற்றை முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வினையடை என்று பிரித்தது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட பேரிலக்கணம் மூன்றையும் முன்னிடைச்சொல் என்றே கொள்கிறது. மாணவன் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 'டிஸ்பைட்', 'ஆல்தோ' தகராறுக்கும் இதே சோதனை போதும். 'டிஸ்பைட்'டுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்'கோ வரும், எழுவாயும் பயனிலையும் வராது. அதோடு 'ஆஃப்' சேர்க்காதீர்கள், அது 'இன் ஸ்பைட்'டுக்கு உரியது. 'ஆல்தோ' போட்டால் அடுத்த பாதியில் 'பட்' போடாதீர்கள். 'நோ சூனர்' என்று தொடங்கினால் துணைவினை முன்னால் வரும், 'தன்' தொடரும். 'டூ டயர்டு டு வாக்' என்பதில் இருக்கிற முதல் 'டூ' வினையடை, இரண்டாவது இன்ஃபினிட்டிவின் 'டு'. எழுத்தை எண்ணிப் பழகுங்கள். தினமும் பத்து வாக்கியம்...

செம்பேனா:

ஐயா, மன்னிக்கவும். பாடம் கேட்டு யாரும் இங்கே வரவில்லை. மாணவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் அன்று என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

நடவடிக்கைக் குறிப்பு:

வாத்தியார் பதில் எழுதுவதற்குள் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திர விபத்து, உள் விசாரணை. நான் குறிப்பெடுக்கவில்லை, அறையில் இருந்தேன். மேற்பார்வையாளர் சொன்னது: "ஐ டோல்டு ஹிம் நாட் டு ஸ்டார்ட் இட்." தொடங்காதே என்று சொன்னார். தட்டச்சில் வந்தது: "ஐ டிட் நாட் டெல் ஹிம் டு ஸ்டார்ட் இட்." தொடங்கு என்று சொல்லவில்லை. முதலாவது எச்சரித்தவரின் வாக்கு. இரண்டாவது சும்மா இருந்தவரின் வாக்கு. 'நாட்' இன்ஃபினிட்டிவை விட்டு முன்வினைக்குப் போனதும் ஆள் மாறிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். "இரண்டும் ஒன்றுதானே?" என்று குறிப்பெடுத்தவர் கேட்டார். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். ஒன்றில்லை என்றேன். "விசாரணையில் சாட்சி அல்லாதவர்கள் பேச வேண்டாம்" என்றார் தலைவர்.

பிளந்தால் என்ன:

கையெழுத்துப் போட்டாரா?

நடவடிக்கைக் குறிப்பு:

போட்டார்.