பாக்ஸ்டரா, டிடியா, இசட்4-ஆ? பெங்களூர் ரோட்டுக்கு எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்?

பீன்யா கியர்க்காரன்:

வணக்கம். வயது 51. பீன்யாவில் கியர் வெட்டும் பட்டறை ஒன்று, வீடு காக்ஸ் டவுனில். பையன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக் கடன் போன மார்ச்சில் முடிந்தது. இனி ஒரு கார் எனக்கே எனக்காக. வீட்டுக்கு எர்டிகா நிற்கிறது, அதனால் குடும்பம் எதில் போகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2010 போர்ஷே பாக்ஸ்டர், 2.9 எஞ்சின், பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், துணி டாப். 2012 ஆடி டிடி கூப்பே (டாப் திறக்காது), குவாட்ரோ, அதாவது நாலு சக்கர ஓட்டம். 2011 பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ, இதில் ஹார்ட் டாப் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூன்றும் 60 ஆயிரம் கிலோமீட்டருக்குள். டிடி மட்டும் விலை கொஞ்சம் குறைவு.

மூன்றும் மூன்று ரகம், அதுதான் குழப்பம். பாக்ஸ்டரில் எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால், ஓடுவது பின் சக்கரம். இசட்4-ல் எஞ்சின் முன்னால், ஓடுவது பின் சக்கரம். டிடியில் எஞ்சின் முன்னால் குறுக்கே, நாலு சக்கரமும் இழுக்கும். ஞாயிறு விடிகாலையில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஏலகிரி, வருஷத்துக்கு இரண்டு தடவை ஏற்காடு, தைரியம் வந்தால் கொல்லிமலையின் 70 வளைவு. எனக்கு அவ்வளவுதான் வேண்டும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் பட்டறைக்கு.

மழையில் பின் சக்கர வண்டி சுற்றிவிடும், குவாட்ரோதான் எடுக்க வேண்டும் என்கிறான் தங்கை மகன். லேத்தின் மேல் கை வைத்தே பேரிங் போனதைச் சொல்லிவிடுவேன், ஆனால் கார் விஷயத்தில் எர்டிகாவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "மழை பெஞ்சா துணிக்குள்ள தண்ணி வராதா?" முழித்தேன்.

கே.ஆர்.புரம் சிக்னல்:

அண்ணா, மாரத்தஹள்ளியில் மூன்றும் ஒரே வேகம்தான் போகும். சத்தம் எதில் நன்றாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். பாக்ஸ்டரும் இசட்4-ம் ஆறு சிலிண்டர், டிடி நாலு. முடிந்தது கதை.

அல்சூர் துணிடாப்:

சார், உங்கள் வீட்டம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆறு வருஷமாக 2009 பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன். துணி வழியாக ஒரு சொட்டு வந்ததில்லை. வந்தது வேறு வழியில்.

டாப் மேல் விழும் மழை பின்பக்கம் வழிந்து, இரண்டு ஓரத்திலும் சுண்டுவிரல் அளவு ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். எங்கள் தெருவில் பிப்ரவரி, மார்ச்சில் தபேபுயா பூ ரோஸ் நிறத்தில் கொட்டிக் கிடக்கும், பார்க்க அவ்வளவு அழகு. வருஷா வருஷம் டாப்பைப் பாதி திறந்து அந்த இடுக்கைச் சுத்தம் செய்வேன். ஒரு வருஷம் சோம்பேறித்தனம். மே மாதம் இரண்டு நாள் கோடை மழை. மூன்றாம் நாள் உள்ளே கால் வைத்தால் கார்ப்பெட் சதக் என்றது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சைப் பிழிந்தால் பக்கெட்டில் கால்வாசி நிறைந்தது. ஓட்டைக்குள் பூ மக்கி, வடிகட்டிய டீத்தூள் மாதிரி அடைத்திருந்தது. தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகக் குத்தினால் போதும், ஐந்து நிமிட வேலை. கம்பி விடாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும். சுத்தம் செய்யாமல் விட்டது நான், காரைச் சொல்லிக் குற்றமில்லை. ஈரம் எலக்ட்ரானிக் சமாச்சாரங்களையும் கெடுத்துவிடும் என்பதால் பழைய பாக்ஸ்டர் பார்க்கப் போகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கி மோந்தே பார்க்க வேண்டும்.

முன் பம்பரின் இரண்டு ஓரத் திறப்புகளுக்குள்ளும் ரேடியேட்டர் இருக்கிறது. அங்கும் இலை, தூசி, சிப்ஸ் கவர் எல்லாம் போய்ச் சேரும். ஈரம் தங்கித் தங்கி ஏசி கண்டென்சரை அரித்துவிடும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2010 வண்டி என்பது உங்கள் அதிர்ஷ்டம். அதற்கு முந்தைய எஞ்சின்களில் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் (பேரிங் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை). 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது.

பின் சக்கர பயத்துக்கு வருகிறேன். பாக்ஸ்டரில் எஞ்சினின் கனம் பின் டயருக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருப்பதால் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஏலகிரியில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 வளைவுகளையும் நல்ல மழையில் இரண்டாம் கியரில், 30, 40 வேகத்தில் ஏறியிருக்கிறேன். பின்புறம் அசையவில்லை. ஆனால் வாங்கிய புதிதில் எம்.ஜி. ரோட்டில், வெறும் தூறலில், சிக்னலில் எடுத்தபோது வாலை ஆட்டியது. டயரில் தடம் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் ரப்பர் எட்டு வருஷப் பழசு, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி. நாலும் புதிதாகப் போட்டேன், அதோடு சரி. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். எந்தச் சக்கரம் ஓடுகிறது என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதைப் படியுங்கள்.

பன்னிரண்டு பதிமூணு ஸ்பேனர்:

ஆடுகோடியில் கார் வேலை செய்கிறவன். டிடி பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

அண்ணா, பின்னால் குவாட்ரோ என்று எழுதியிருந்தாலும் பெரிய ஆடிகளில் இருக்கும் அமைப்பு இது இல்லை. பின் டிஃபரென்ஷியலுக்கு (இரண்டு பின் சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும் கியர் பெட்டி) முன்னால் ஹால்டெக்ஸ் கப்ளிங் என்று ஒன்று, எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள். கம்ப்யூட்டர் இறுக்கச் சொன்னால் இறுக்கும். சாதாரணமாகப் போகும்போது பெரும்பாலும் முன் சக்கர வண்டிதான். அந்த எண்ணெயைக் காலத்துக்கு மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் பம்ப் அடைபடும். அப்புறம் பின் சக்கரம் சும்மா கூடவே உருண்டு வரும், ஓனருக்கே தெரியாது. ஈரமான மண் சரிவில் நிறுத்திச் சட்டென்று மிதியுங்கள். முன் சக்கரம் மட்டும் சுழன்றால் விஷயம் புரிந்துவிடும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் 60 ஆயிரத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். இரண்டு பில்லையும் கேளுங்கள். அந்தக் காலத்து 2.0 டர்போ எஞ்சின் ஆயில் குடிப்பதிலும் பேர்போனது, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் ஓட்டப் போகாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும் என் ஓட்டு டிடிக்குத்தான். ஆக்டேவியா வகையறாவோடு நிறையப் பாகம் பொது. பின்கதவு கண்ணாடியோடு மேலே திறக்கும், பின் சீட்டை மடக்கினால் பட்டறைச் சாமானே ஏற்றலாம். கூப்பே என்பதால் டாப் மோட்டார், ரப்பர் பீடிங் தலைவலி கிடையாது. எங்கள் பட்டறைக்கு வரும் திறந்த டாப் வண்டிகளில் பாதி, டாப்பே திறக்காதவை. வெயில், தூசி, பக்கத்தில் பிஎம்டிசி பஸ் புகை. எத்தனை நாள் திறப்பீர்கள்?

இசட்4 ஓட்டத்தில் ராஜா, 306 குதிரை. ஆனால் டாப் மடிந்தால் டிக்கி 310 லிட்டரிலிருந்து 180 ஆகிவிடும். ஹைட்ராலிக், சென்சார், மோட்டார் என்று அதில் ஆயிரம் சமாச்சாரம். விற்பவர் முன்னாலேயே மூன்று தடவை திறந்து மூடுங்கள்.

இன்னொன்று, துணிடாப் அண்ணன் டயர் பற்றிச் சொன்னார், நாலு சக்கர ஓட்டத்துக்கு உரியதை விட்டுவிட்டார். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

ஃபைல் கட்டு:

மூன்றும் கேஏ (கர்நாடகப்) பதிவுதானா? விலை குறைவு என்ற டிடி டெல்லி வண்டியாக இருந்தால் உஷார். அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷ வரம்பு என்று வந்ததிலிருந்து பழைய வண்டிகளைத் தெற்கே தள்ளிவிடுவது வழக்கம். தடையில்லாச் சான்றிதழ் வாங்கி இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், கர்நாடகத்தில் அது சின்னத் தொகை இல்லை. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க இறக்குமதி காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். 2010 வண்டிக்கு அதையும் விலையில் கழியுங்கள்.

பீன்யா கியர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிடி டெல்லி வண்டியேதான்! ஹால்டெக்ஸ் பில் கேட்டதும் விற்பவர் "அது என்ன சார்?" என்றார். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அடிமட்டத்தில். நல்ல டிடி கிடைத்தால் ஸ்பேனர் தம்பி சொன்னதை யோசிப்பேன், இது வேண்டாம்.

இசட்4 டாப் மூன்று தடவையும் ஒழுங்காகத் திறந்தது. நான் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். என் வீட்டுக்காரிதான் டாப் மடிந்த பிறகு டிக்கியில் தன் பையை வைத்துப் பார்த்து, "என் பையா, உங்க டாப்பா?" என்றாள்.

பாக்ஸ்டரில் முன்னால் 150 லிட்டர், பின்னால் 130. இரண்டு டிக்கியையும் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினைக் காணோமே என்று விற்பவரையே கேட்டாள். தூண்டில் நரம்பு கொண்டுபோயிருந்தேன். இடப்பக்கம் சுத்தம், வலப்பக்கம் கறுப்பாகச் சேறு வந்தது, கார்ப்பெட் மட்டும் காய்ந்திருந்தது. டயர் நாலும் 2015-ல் செய்தவை. இரண்டையும் காட்டி, ஆர்.சி. செலவையும் சொன்னதும் மனிதர் விலையில் இறங்கி வந்தார். ஓட்டிப் பார்க்கும்போது எங்கள் தெருமுனை வேகத்தடையில் குறுக்காக ஏற்றியும் முன் பம்பரின் அடி உதடு ஒரு தடவை கர்ரென்று உரசியது. ஆனால் ஹென்னூர் ரோட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தபோது முதுகுக்குப் பின்னால் எழுந்த சத்தம் இருக்கிறதே, கியர் வெட்டும் நல்ல ஹாப்பிங் மெஷின் லோடு எடுப்பது மாதிரி. வெட்டவெளியில் டாப் திறக்க 12 விநாடி. எத்தனை நாள் திறப்பேன் என்று கேட்ட தம்பிக்கு: தெரியவில்லை, அன்றைக்கு மூடவே இல்லை.

டோக்கன் கொடுத்திருக்கிறேன், லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் மீதி. ஸ்பேனர் தம்பி, வியாழக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? டார்ச் என்னிடம் இருக்கிறது.