உள்வாடகைக்கு விட்டு, டைல்ஸையும் உடைத்தவரைக் காலி செய்ய வைப்பது எப்படி?

கேள்வி:
வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். 11 மாத அக்ரிமென்ட், பத்திரத் தாளில் கையெழுத்து மட்டும், பதிவு செய்யவில்லை. குடியிருப்பவர் கேட்காமலே ஓர் அறையை இன்னும் இருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். ஹாலை ப்ளைவுட்டால் தடுத்து, தரை டைல்ஸைத் துளைத்து போல்ட் அடித்திருக்கிறார். நான்கு டைல்ஸ் விரிசல். வீட்டைப் பூட்டிவிட்டு, செலவை அட்வான்ஸில் கழிக்கலாமா?

பதில் 1:
பூட்டாதீங்க சார். கரன்ட், தண்ணியிலும் கை வைக்காதீங்க. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதைத் தடுக்கிறது. செய்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்தான்.

எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ பிறர் கையில் விட்டாலே, 21(2) பிரிவில் காலி செய்யக் கேட்கலாம். மனு வாடகை நீதிமன்றத்தில். "சொந்தக்காரப் பசங்க, தங்கியிருக்காங்க" என்பார்கள். அதனால் நிரூபிக்க வேண்டியது, அந்த அறை அந்த இருவரின் தனிப் பிடியில் இருக்கிறது என்பதை: தனிப் பூட்டு, அந்த முகவரிக்கு அவர்கள் பெயரில் வரும் கேஸ் பில், பார்சல், பக்கத்து வீட்டுச் சாட்சி. மனுவில் அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். இல்லையென்றால் உத்தரவை நிறைவேற்றப் போகும்போது கதவை மறிப்பார்கள்.

பதில் 2:
அந்த இருவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட ஜிபே-யில் வாங்காதீங்க. வாங்கினால், நீங்களே ஒத்துக்கொண்டீர்கள் என்று வாதம் வரும்.

சேதத்துக்கு: 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தகவல் கொடுத்து, பகலில் உள்ளே போங்கள். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம், பிறகு முழு ஹாலின் படம். இன்ஜினியரிடம் மதிப்பீடு வாங்குங்கள். நான்கு டைல்ஸ் போனால் நான்குக்குத்தான் கணக்கு. அதே டிசைன் கடையில் இல்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயின்ட் மங்கியதைச் சேர்க்காதீர்கள், அது இயல்பான தேய்மானம். அட்வான்ஸில் கழிப்பது காலி செய்த பிறகுதான்.

"தடுப்பை எடுங்கள், உள்வாடகையை நிறுத்துங்கள்" என்று வக்கீல் நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில், டெலிவரி ஆனதற்கான சான்றுடன் அனுப்புங்கள். நோட்டீஸுக்குப் பிறகும் சேதம் தொடர்ந்தால், காலி செய்யக் கேட்க அது தனிக் காரணம்.

பதில் 3:
உங்கள் பலவீனம் பதிவு செய்யாத அக்ரிமென்ட். 90 நாளில் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். சட்டப்படி ஒப்பந்தம் போடத் தவறியதும் 21(2)-இல் ஒரு காரணம்தான். உள்வாடகையோடு அதையும் சேர்த்து மனு போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.