செர்கா பம்ப்பில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் எல்லாமே நின்றுவிடுமா?

நிலா:
செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிப்புப் பைக்குள் ஏற்றும் பம்ப் புரதம்தான் செர்கா. அதன் தசை வகையில் 309-ஆம் இடத்து குளுட்டமேட்டைக் குளுட்டமினாக மாற்றியிருக்கிறேன். புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை பளிச்சென்று வருகிறது, இயல்பான புரதத்துக்குக் குறைவில்லை. கணினியில் இரண்டு கட்டமைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழைகூட விலகவில்லை. ஆனால் கால்சியம் ஏற்றம் சுத்தமாகப் பூஜ்யம். 994 அமினோ அமிலங்களில் ஒன்றுதான், அதுவும் ஏறக்குறைய அதே அளவு. வடிவம் கெடாமல் வேலை மட்டும் எப்படிக் கெடும்? சோதனையில் நான்தான் சொதப்பிவிட்டேனா?

பழைய லேப்காரன்:
சொதப்பவில்லை. 1989-லேயே இந்தப் பம்ப்பை ஆராய்ந்த மெக்லெனன் குழு இதையும் சேர்த்து ஆறு இடங்களை மாற்றிப் பார்த்து, கால்சியம் கடத்தல் நின்றுபோவதைக் காட்டிவிட்டது.

முதலில் அந்தக் கணினிப் படத்தை நம்பாதீர்கள். மென்பொருள் ஒரு பக்கச்சங்கிலியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கும், பிறகு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அதோடு இந்தப் பம்ப்புக்கு ஒரே வடிவம் கிடையாது. சுற்றுக்குச் சுற்று உருமாறும். நீங்கள் பார்ப்பது அதில் ஒரு நிலையை மட்டும்.

உள்ளே கால்சியத்துக்கு இரண்டு இருக்கைகள். முதல் கால்சியம் உள் இருக்கைக்குப் போய்விடும், அடுத்தது பக்கத்தில் உட்காரும். அதன்மேல் தாழ்ப்பாள் போல விழுவது 309. இரண்டு ஆக்சிஜன்களாலும் பிடித்துக்கொள்ளும். குளுட்டமினில் ஒரு ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன், எதிர்மின்சுமையும் போச்சு. முதல் கால்சியம் ஒட்டும், இரண்டாவது நிற்காது. இரண்டும் நிறைந்தால்தான் 40 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தள்ளியிருக்கும் 351-ஆம் அமினோ அமிலமான ஆஸ்பார்டேட், பம்ப்பின் எரிபொருளான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை வாங்கும். அது வாங்கினால்தான் பம்ப் ஓடும். ஆக, கோளாறு ஒரு மூலையில், வேலைநிறுத்தம் இன்னொரு மூலையில்.

புரதம் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இஜிடிஏ போட்டுக் கால்சியத்தை எடுத்துவிட்டு, ஏடிபிக்குப் பதிலாகக் கதிரியக்கப் பாஸ்பேட்டை நேராகக் கொடுங்கள். புரதம் நன்றாக இருந்தால் அதே ஆஸ்பார்டேட் பின்வழியாக வாங்கிக்கொள்ளும். நான் இதைச் செய்தபோது, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒன்றுமே தெரியவில்லை. குழாயில் ‘செத்தது’ என்று எழுதி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான், செத்தது புரதமில்லை, என் ஜெல்தான் தப்பு என்று புரிந்தது.

தோல்பக்கம்:
நோயாளிகளிடம் இருப்பதெல்லாம் இதே கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செர்கா 2 மரபணுவில் பிறழ்வு வந்தால் டேரியர் நோய். இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே தோலில் தெரிந்துவிடும். அங்கே பல பிறழ்வுகளில் புரதம் சரியாக மடியாமல் செல்லே அதை அழித்துவிடும், பட்டையே மெலிந்துபோகும். உங்களுடையது இருந்தும் ஓடாத வகை. உங்கள் தசை வகையான செர்கா 1 கெட்டு வரும் பிராடி நோய்க்கோ பெரும்பாலும் இரண்டு பிரதிகளும் கெட வேண்டும். உடற்பயிற்சி செய்தால் தசை இறுகி, தளரவே நேரம் எடுக்கும்.

நிலா:
நன்றி. அண்ணா, ஜெல்லில் என்ன தப்பு? நாங்கள் வழக்கமான ஜெல்தான் ஓட்டுகிறோம், பிஹெச் 8.8.

பழைய லேப்காரன்:
நானும் அதைத்தான் ஓட்டினேன். ஆஸ்பார்டேட்டில் ஒட்டும் பாஸ்பேட் காரத்தில் தாங்காது, ஜெல் ஓடி முடிவதற்குள் கழன்றுவிடும். அமிலத்தில் வினையை நிறுத்துங்கள், பிஹெச் 6 ஜெல்லில் குளிராக ஓட்டுங்கள். அப்புறம், இயல்பான புரதத்தையும் பக்கத்திலேயே ஒரு லேனில் போடுங்கள். நான் போடவில்லை.