பேண்டுக்காரங்க போடுறது பிஜிஎம்மா, புகை மெஷினா?

பழையகேசட்:
ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், திட்டுறவங்க திட்டிக்கோங்க. ராக் பேண்டு எலக்ட்ரானிக் பேண்டுன்னு இருந்துட்டு அப்புறம் படத்துக்கும் சீரிஸுக்கும் மியூசிக் போட வந்தவங்க ஒரு கூட்டம் இருக்குல்ல, ட்ரென்ட் ரெஸ்னர் (நைன் இஞ்ச் நெய்ல்ஸ்), ஜானி கிரீன்வுட் (ரேடியோஹெட்), மோக்வாய்ங்கற ஸ்காட்லாந்து பேண்டு, நிக் கேவ்னு, அவங்க பண்றதுல முக்காவாசி எனக்கு இசையாவே தெரியல. கீழ ஒரு "ஊஊம்", மேல ரெண்டு பியானோ நோட், நடுவுல கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எக்கோ, முடிஞ்சுது வேலை. 2011ல சோஷியல் நெட்வொர்க் படத்துல ரெஸ்னர் மியூசிக்குக்கு ஆஸ்கர் குடுத்தாலும் குடுத்தாங்க, அதுலேர்ந்து எந்த த்ரில்லர் சீரிஸைப் போட்டாலும் ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம்தான் கேக்குது. கேரக்டருக்கு ஒரு தீம், அது சீனுக்கு சீன் மாறுறது, வசனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி சரியான செகண்டுல திரும்ப உள்ள வர்றது, இதெல்லாம் ஒரு தொழில்ங்க. பத்து வருஷம் மேடையில கிடார் வாசிச்சா அது தானா வந்துடாது.

நள்ளிரவுரேடியோ:
தல, நீங்க உதாரணம் சொன்ன படத்துலயே உங்களுக்கு பதில் இருக்கு. சோஷியல் நெட்வொர்க் ஆரம்பத்துல ஃபேஸ்புக் மார்க் பார்லேர்ந்து கிளம்பி காலேஜ் வழியா தன் ரூமுக்குப் போறான், டைட்டில் ஓடுது. அந்த இடத்துல முதல்ல வச்சிருந்தது ஒரு எல்விஸ் காஸ்டெல்லோ பாட்டு. அதோட பாத்தா அது ஒரு ஜாலியான காலேஜ் படம், காதலி திட்டிட்டா பையன் ஃபீல் பண்றான், அவ்ளோதான். இப்ப இருக்குற 'ஹேண்ட் கவர்ஸ் ப்ரூஸ்'ஸோட பாருங்க, அதே பையன் அதே நடை, ஆனா ஏதோ தப்பு நடக்கப்போகுதுன்னு வயித்துக்குள்ள ஒண்ணு பிசையுது. ஷாட்டுல ஒரு ஃப்ரேம் கூட மாறல. படம் எதைப் பத்தினதுங்கறதையே மாத்திருச்சு அந்த ரெண்டு பியானோ நோட்டு.

இன்னொண்ணு, அந்த பியானோவை ரெக்கார்ட் பண்ணும்போது மைக்கை பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, ரொம்ப தள்ளின்னு மூணு தூரத்துல வச்சு எடுத்தாங்க. படம் போகப்போக அந்த தீம் திரும்ப வரும்போதெல்லாம் பியானோ நம்மளை விட்டு தூரமாப் போகுது, கீழ இருக்குற அந்த இரைச்சல் பெருசாகுது. கேரக்டர் தனியாகுறதை மைக் தூரத்துலயே சொல்லியாச்சு. கேரக்டருக்கு ஒரு தீம், அது மாறணும்னு கேட்டீங்களே, இது என்ன பின்ன?

பழையகேசட்:
மைக்கைத் தள்ளி வைக்கிறது சவுண்ட் இன்ஜினியர் வேலை ப்ரோ, கம்போசிஷன் இல்ல. அதையே ஒரு பேப்பர்ல நோட்ஸா எழுதி இன்னொருத்தர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொன்னா என்ன மிஞ்சும்? நர்சரி பிள்ளை வாசிக்கிற பாடம் மிஞ்சும்.

கத்திரி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் எடிட்டிங்ல இருக்கேன், பெரிய ஆள்லாம் இல்ல, குறும்படம் விளம்பரம்னு ஓடுது. கேசட் அண்ணன் சொல்ற "எல்லாத்துலயும் ஃப்ரிட்ஜ் சத்தம்" உண்மைதான், ஆனா அந்தப் பழியை தப்பான ஆள் மேல போடுறார். இது வர்ற இடமே வேற, டெம்ப் ட்ராக்.

தெரியாதவங்களுக்கு, எடிட் பண்ணும்போது ஒரிஜினல் மியூசிக் இன்னும் வந்திருக்காது, சும்மா வெறுமையா ஓட்டிப் பாத்தா டைரக்டருக்கு கை நடுங்கும், அதனால வேற ஏதாவது படத்தோட பிஜிஎம்மை எடுத்து தற்காலிகமா வைப்போம். இப்ப வைக்கிறதுக்கு இந்த மாதிரி ட்ரோன் மியூசிக்தான் (ஒரே சத்தம் நீளமா இழுத்துட்டே இருக்குறது) வசதி, ஏன்னா அதுல பீட் இல்ல, எங்க வேணா வெட்டலாம் எங்க வேணா நீட்டலாம், தையல் தெரியாது. ஒரு சீனுக்குன்னு எழுதின பழைய ஆர்க்கெஸ்ட்ரா பிட்டை வச்சுப் பாருங்க, நடுவுல ரெண்டு செகண்ட் வெட்டினா நொண்டும். அப்புறம் டைரக்டர் அதை ஐம்பது தடவை கேட்டுட்டு அதோடயே காதல்ல விழுந்துடுவார். கடைசியா மியூசிக் டைரக்டர் வர்றார், அவர்கிட்ட "இதே மாதிரி, ஆனா இது இல்லாம" ன்னு சொல்றாங்க. போன மாசம் என் டேபிள்லயே நடந்துச்சு, ஒரு பத்து நிமிஷ படம், நான்தான் சோம்பேறித்தனத்துல ரெஸ்னர் ட்ராக் ஒண்ணைப் போட்டு வச்சேன், மூணு வாரம் கழிச்சு மியூசிக் பண்ண வந்த பையன் மூணு வெர்ஷன் குடுத்தும் டைரக்டர் மூஞ்சி மாறல, நாலாவதா அதே நோட்டை கொஞ்சம் திருப்பிப் போட்டுக் குடுத்தான், ஓகே ஆயிடுச்சு. அந்தப் பையனைப் பாத்து "இவனுக்கு கம்போசிங் தெரியல" ன்னு நாளைக்கு யாராவது எழுதுவாங்க. பாவம் அவன்.

நள்ளிரவுரேடியோ:
👏 இதைத்தான் நான் சொல்ல வந்தேன், ஒரிஜினலா பண்ணவன் வேற, அவனை ஜெராக்ஸ் எடுத்தவன் வேற.

பழையகேசட்:
கத்திரி தம்பி சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா அதுலயே என் பாயிண்டும் இருக்கே கவனிச்சீங்களா, "எங்க வேணா வெட்டலாம் எங்க வேணா நீட்டலாம்" ங்கற இசை எந்தப் படத்துக்குமானது இல்லன்னுதானே அர்த்தம்? உதாரணம் தர்றேன், நீங்க எல்லாரும் கொண்டாடுற தேர் வில் பி பிளட், 2007, கிரீன்வுட் மியூசிக். அதுல எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிற சீன், படத்தோட உச்சம் அது, அந்த தாளம் பின்னிப் பின்னி ஏறும்ல, அது அந்தப் படத்துக்குப் போட்டதே இல்ல. 2003ல பாடிசாங்னு ஒரு டாக்குமெண்டரிக்கு கிரீன்வுட் போட்ட ட்ராக். ஆரம்பத்துல மலையைக் காட்டும்போது கத்துற வயலின் கூட்டம் இருக்குல்ல, அதுலயும் நிறைய அவர் முன்னாடி பிபிசி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதின பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்லேர்ந்து வந்தது. ஆஸ்கர்ல தகுதி இல்லன்னு ஒதுக்கினதுக்குக் காரணமே ஏற்கெனவே இருந்த இசை நிறைய கலந்திருக்குங்கறதுதான். படத்தையே பாக்காம எழுதினது படத்துல பிரமாதமா ஒட்டுதுன்னா, எதை வச்சாலும் ஒட்டும்னு அர்த்தம்.

நள்ளிரவுரேடியோ:
அப்படிப் பாத்தா '2001 ஸ்பேஸ் ஒடிசி' படத்துல ஒரு நோட்டு கூட அந்தப் படத்துக்காக எழுதினது இல்லயே தல, அதையும் புகை மெஷின்னு சொல்லிடுவோமா?

சரி முன்கூட்டியே எழுதுறது குறைங்கறீங்க. இத்தாலி மியூசிக் டைரக்டர் மோரிக்கோனி ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் படத்துக்கு ஷூட்டிங்குக்கு முன்னாடியே எழுதிக் குடுத்து, அதை செட்டுல ஓடவிட்டு நடிக்க வச்சாங்க. அவர் பேண்டுக்காரர் இல்ல. இந்தப் பக்கம் ஜோக்கர் 2019, ஐஸ்லாந்து மியூசிக் டைரக்டர் ஹில்டுர் குட்னடோட்டிர் ஸ்க்ரிப்டைப் படிச்சுட்டு செல்லோவுல எழுதி முன்னாடியே அனுப்பினது, அதைக் கேட்டுத்தான் அந்த பாத்ரூம் டான்ஸ் அங்கயே பிறந்துச்சு. மோக்வாய் 2012ல லெ ரெவனான்ங்கற பிரெஞ்சு சீரிஸுக்குப் பண்ணதும் இதே கதைதான், செத்தவங்க எதுவுமே நடக்காத மாதிரி வீட்டுக்குத் திரும்பி வர்ற கதை, ஷூட்டிங்குக்கு முன்னாடியே பேண்டு நிறைய எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு ஊரே மூச்சைப் பிடிச்சுட்டு இருக்குற மாதிரி இருக்கும் அந்த இசை. இதுல இசை படத்துக்குப் பின்னாடி ஓடல, படம்தான் இசைக்குப் பின்னாடி ஓடுது.

சும்மாபடிக்கிறவன்:
ராஜா சார் ஆர்ஆர் பக்கத்துல இவங்கள்லாம் வர முடியுமா 🙏

கத்திரி:
நண்பா அந்த சண்டைக்கு வேற திரி இருக்கு, ஆயிரம் பக்கம் ஓடுது, இங்க இழுக்காதீங்க ப்ளீஸ்.

பழையகேசட்:
😂 முதல் தடவையா கத்திரி தம்பியோட முழுசா ஒத்துப்போறேன்.

விஷயத்துக்கு வர்றேன். மோரிக்கோனியையும் மோக்வாயையும் ஒரே வரியில வைக்கிறதே அநியாயம் ப்ரோ. மோரிக்கோனி எழுதினதுல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மெலடி, ஹார்மோனிகா சத்தம் கேட்டாலே யார் வர்றான்னு தெரியும். லெ ரெவனான் பாத்துட்டு நாலாவது நாள் உங்களால ஒரு ட்யூனை முணுமுணுக்க முடியுமா?

வயோலா:
ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், இப்பதான் கை வைக்கலாம்னு தோணுது. நான் வயோலா (வயலினை விட கொஞ்சம் பெரிய வாத்தியம்) வாசிக்கிறவ, முறையா கத்துக்கிட்டவ, அதனால கேசட் சார் பக்கம் நிப்பேன்னு அவர் நினைக்கலாம். நிக்கல.

முணுமுணுக்க முடியணும்னா அண்டர் தி ஸ்கின் (2013) பாருங்க சார். மைக்கா லெவி, மைக்காச்சு அண்ட் தி ஷேப்ஸ்னு ஒரு பேண்டு வச்சிருந்தவங்க, அதுதான் அவங்களோட முதல் படம். மனுஷி வேஷத்துல வர்ற வேத்துகிரகப் பொண்ணு ஆம்பளைங்களை ஒரு கருப்பு இடத்துக்கு இழுத்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மெலடி வரும், விரல் விட்டு எண்ணக்கூடிய நோட்டுதான், வயோலாவுல. கீழ ஒரு டிரம், யாரோ தூக்கத்துல நடக்குற மாதிரி. ஒரு தடவை கேட்டா மறக்காது, நான் உத்தரவாதம்.

இப்ப வாசிக்கிறவ கண்ணுல சொல்றேன். எங்களுக்கு முதல் வருஷத்துலேர்ந்து சொல்லிக் குடுக்கிறது சுருதி சுத்தமா இருக்கணும், வில்லு தந்தி மேல உறுதியா உக்காரணும், உரசல் கேக்கக் கூடாதுன்னு. அந்தப் படத்துல இது எல்லாமே தலைகீழ். நோட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பக்கத்துல நின்னுட்டு மெதுவா வழுக்கும், வில்லு தந்தியைத் தொட்டும் தொடாம போறதால நோட்டை விட காத்து அதிகமா கேக்கும். நான் வீட்டுல அதை வாசிச்சுப் பாத்தேன், கை ஒத்துக்கவே மாட்டேங்குது, தானா சுருதிக்குப் போயிடுது, தப்பா வாசிக்கிறதுக்கு அவ்ளோ கட்டுப்பாடு வேணும். மனுஷி மாதிரி நடிக்கிற ஒண்ணுக்கு, வயோலா மாதிரி நடிக்கிற ஒரு சத்தம். (படம் பாக்காதவங்க இந்த வரியைத் தாண்டிடுங்க) கடைசியில அவளே மாட்டிக்கும்போது அதே மெலடி உடைஞ்சு திரும்ப வரும். தீம், அது மாறுறது, சரியான இடத்துல வர்றது, நீங்க கேட்ட மூணும் இருக்கு. லெவி முறையா மியூசிக் படிச்சவங்கதான், இருந்தாலும் ஆர்க்கெஸ்ட்ராவுல மட்டுமே இருந்தவங்க இதைச் செய்யப் பயப்படுவாங்கன்னு நினைக்கிறேன், நானே பயப்படுவேன்.

பழையகேசட்:
மேடம், நீங்க சொல்றதைக் கேட்டா பாக்கணும்னு தோணுது, ஆனா நீங்களே சொல்லிட்டீங்க, அவங்க படிச்சவங்க. கிரீன்வுட்டும் சின்ன வயசுல வயோலா வாசிச்சவர்தான், போலந்து கம்போசர் பென்டரெட்ஸ்கியை கரைச்சுக் குடிச்சவர். பாண்டம் த்ரெட்ல அவர் எழுதின ஸ்ட்ரிங்ஸ் அழகுதான், அதை நான் என்னைக்கும் மறுக்கல. படிச்சவன் பண்ணா நல்லா வருது. என் பாயிண்ட் அதானே.

நள்ளிரவுரேடியோ:
ஆரம்பத்துல கிரீன்வுட் பேரையும் சேர்த்துத்தான் தல திட்டுனீங்க, மேல போய்ப் பாருங்க 😅

படிக்காதவங்க லிஸ்ட்டும் இருக்கு. டேனி எல்ஃப்மன் ஆய்ங்கோ பாய்ங்கோ பேண்டுலேர்ந்து நேரா வந்தவர், 1989 பேட்மேன் தீம் அவர்து. கிளிஃப் மார்ட்டினெஸ் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்ல டிரம்மர், சோலாரிஸ் (2002) ட்ரைவ் (2011) ரெண்டும் அவர். உங்களுக்குப் பிடிச்ச ஹான்ஸ் சிம்மரே 1979ல பக்கிள்ஸ் பாட்டு வீடியோவுல கீபோர்டுக்குப் பின்னாடி நிக்கிறார். இந்தக் கதவு வழியா எல்லாரும் வந்துட்டுத்தான் இருக்காங்க, நீங்க இப்பதான் கவனிக்கிறீங்க.

பழையகேசட்:
எல்ஃப்மனுக்கு ஆர்க்கெஸ்ட்ரேஷன் பண்ண, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்கணும்னு பிரிச்சு எழுத, கூடவே ஆள் இருந்தார்.

நள்ளிரவுரேடியோ:
ஆமா, ஸ்டீவ் பார்டெக். அவரும் அதே பேண்டுல கிடாரிஸ்ட் 😂😂

கத்திரி:
செத்தேன் 🤣

வயோலா:
ரேடியோ தம்பி, ஜெயிச்ச குஷியில ஒண்ணை மறக்கக் கூடாது. கேசட் சார் சொல்ற சலிப்பு எனக்கும் உண்டு. எட்டு மணி நேர சீரிஸ்ல ஏழு மணி நேரம் கீழ ஒரு உறுமல் ஓடிட்டே இருந்தா, உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்துல காது மரத்துப் போயிருக்கும். செர்னோபில் (2019) ஏன் வேலை செஞ்சுது? அதுவும் ட்ரோன்தான், ஹில்டுர் லிதுவேனியாவுல மூடின இக்னலினா அணு உலைக்குள்ளயே போய் கதவு, பம்ப் சத்தமெல்லாம் பதிவு பண்ணி, அதையும் தன்னோட குரலையும் மட்டும் வச்சு செஞ்சது. வாத்தியமே கிடையாது. அதுல பல இடத்துல எது இசை எது அந்தக் கட்டடம்னு பிரிக்க முடியாது, கதிர்வீச்சு மாதிரியே, கண்ணுக்குத் தெரியாது ஆனா ரூம்ல இருக்கு. அந்த ட்ரோனுக்கு ஒரு காரணம் இருக்கு. காரணமே இல்லாம கம்ப்யூட்டர்ல ரெடிமேடா இருக்குற ஒரு சத்தத்தை (ப்ரீசெட்) அமுக்கி விடுற ட்ரோனுக்கு நானும் எதிரிதான்.

சும்மாபடிக்கிறவன்:
டெட் மேன் படத்துல ராக் பாடகர் நீல் யங் வாசிச்சது பத்தி யாரும் பேசலயா? படத்தை ஓடவிட்டு பாத்துட்டே கிடார்ல இம்ப்ரோவைஸ் பண்ணாராமே

பழையகேசட்:
அதைக் கேட்டேன். பக்கத்து ரூம்ல யாரோ ஆம்ப் ரிப்பேர் பண்ற மாதிரி இருந்துச்சு.

நள்ளிரவுரேடியோ:
இதுக்கு மட்டும் நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன் தல.

பழையகேசட்:
நேத்து ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுட்டு அண்டர் தி ஸ்கின் பாத்தேன். அந்த மெலடி காலைல பல்லு விளக்கும்போது தானா வாயில வந்துச்சு, சுருதி தப்பாவே. சரி, அது இசைதான். சீரிஸ் விஷயத்துல என் கருத்து அப்படியேதான் இருக்கு, ஃப்ரிட்ஜ் ஃப்ரிட்ஜ்தான். ரேடியோ ப்ரோ, ஸ்மைலி போட வராதீங்க, நான் ஒத்துக்கிட்டது வயோலா மேடம்கிட்ட, உங்ககிட்ட இல்ல.