விளக்கு மாட்டிய பிறகுதான் காரைப் பார்த்தேன்

செந்தூல் சாகா

அப்பாவின் சிவப்பு புரோட்டோன் சாகா கார் 1987-ஆம் ஆண்டு வண்டி. 1992-இல் பழைய காராக வாங்கினார். இடையில் ஒருமுறை முழுதும் சாயம் அடித்தார். இன்றும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டின் போர்ச்சில், முன்புறக் கூரைக்கு அடியில், நிற்கிறது. அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் அது என் பொறுப்புக்கு வந்தது.

ஐந்து ஆண்டுகளாக மாதம் ஒரு குப்பி வாங்கினேன். மெழுகு, பாலிஷ், டயருக்குக் கறுப்பு, கண்ணாடிக்கு ஒன்று, டாஷ்போர்டுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தபோது அலமாரியில் 23 குப்பிகள் இருந்தன. வண்டியோ பகல் வெயிலில் வெளிறிய சிவப்பாகவே தெரிந்தது. இரவில், போர்ச்சின் நடுவில் இருந்த ஒற்றைக் குழல்விளக்கின் கீழ் பார்த்தால் அருமையாக இருந்தது. அந்த இரவுக் காட்சியை நம்பித்தான் இத்தனை நாள் தேய்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு கதவின் அடியில் துரு கண்டது. சாயப் பட்டறை வைத்திருந்து ஓய்வு பெற்ற சீனப் பெரியவர் ஒருவர் எங்கள் தாமானிலேயே, அதாவது எங்கள் குடியிருப்பிலேயே, இருக்கிறார். மாலையில் வந்து பார்க்கச் சொன்னேன். துருவைக் காட்ட நான் குனிந்தபோது அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். “தெங்கோக் டுலு” என்றார். மலாயில் முதலில் பார் என்பது அதன் பொருள். சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு டார்ச் ஒன்றை எடுத்துப் பானெட்டின் மேல் சாய்வாகப் பிடித்தார்.

வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். பழைய வண்டி, முப்பது வருடக் கீறல்கள் என்றேன். அவர் தலையை அசைத்தார். நான் துடைக்கும் துணியைக் கேட்டார். பழைய பருத்திச் சட்டை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன். அதை என் உள்ளங்கையின் மேல் உதறினார். நான்கைந்து மணல் துகள்கள் விழுந்தன. வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் வண்டியை ஐந்து வருடமாக அக்கறையோடு கீறியவன் நானே.

பிறகு ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே விளக்கினார். குழல்விளக்கின் ஒளி நீளமான பரப்பிலிருந்து பரவி வருவதால் சின்னக் கீறல்கள் அதில் கரைந்துவிடும். டார்ச்சின் ஒளி ஒரே புள்ளியிலிருந்து வருவதால் ஒவ்வொரு கீறலின் விளிம்பிலும் பட்டுத் திரும்பும். வெயிலும் அப்படித்தான். அதனால்தான் பகலில் வெளிறலாகவும் இரவில் பளபளப்பாகவும் தெரிந்திருக்கிறது. இது பிடிபட்ட பிறகு குப்பி வாங்குவதை நிறுத்தி, விளக்கில் கை வைத்தேன்.

முதல் வேலையாக நடுவில் இருந்த ஒற்றை விளக்கைக் கழற்றினேன். காருக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கூரைத்தகடுதான் வெளிச்சம் பெறும். கதவுகள் நிழலில் நிற்கும். இப்போது காருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துக்கு நேர் மேலே, இரு பக்கமும், நான்கடி எல்இடி விளக்குகளை வரிசையாக மாட்டியிருக்கிறேன். பக்கத்துக்கு மூன்று, ஒவ்வொன்றும் 18 வாட். போர்ச் முன்பக்கம் திறந்தது, மாலை மழை சாரலாக உள்ளே வரும் என்பதால் ஐபி65 தரத்தில் மூடிய விளக்குகளாகப் பார்த்து வாங்கினேன். பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் இன்னொரு விளக்கைப் படுக்கை வாட்டில் வைத்தேன். கதவின் கீழ்ப்பகுதியும் சக்கர வளைவும் அதன் பிறகுதான் கண்ணுக்கு வந்தன.

ஒளியின் நிறத்தில் முதலில் தவறினேன். கடையில் எளிதாகக் கிடைத்த 6500 கெல்வின் நீல வெள்ளையை மாட்டிய அன்று சிவப்பு வண்டி செத்த நிறத்தில் தெரிந்தது. 4000 கெல்வினுக்கு மாறினேன். அதைவிட முக்கியமானது நிறங்களை உள்ளபடி காட்டும் திறன். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். அது 90-க்கு மேல் இருக்கட்டும். சுவருக்கு மங்கலான வெள்ளை அடித்தேன். பளபளப்பான சாயம் அடித்தால் விளக்கின் பிம்பம் சுவரிலும் தெரிந்து கண்ணைக் குழப்பும். இத்தனை செய்தும் கீறல் தேடுவதற்கு அந்தச் சிறிய டார்ச்தான் வேண்டியிருக்கிறது. குழல்கள் வேலை செய்வதற்கான வெளிச்சம், டார்ச் சோதிப்பதற்கான வெளிச்சம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று தயவு செய்து நினைக்காதீர்கள்.

மின்னிணைப்பை நானே இழுக்கவில்லை. பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்தேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு 230 வோல்ட்டோடு விளையாட முடியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அந்த இணைப்புக்கு இருக்கிறதா என்று அவர்தான் முதலில் பார்த்தார்.

உங்கள் வீட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள்.

ஜெலுத்தோங் வீரா

அண்ணன், படித்தவுடன் கீழே போய் என் புரோட்டோன் வீரா காரின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச இன்னும் மனம் வரவில்லை. தரையைப் பற்றி எழுதுகிறேன். பினாங்கில் தரையும் தண்ணீரும்தான் எனக்குப் பாடம் நடத்தின.

2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த மழையை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. விடிவதற்குள் எங்கள் போர்ச்சில் முழங்கால் அளவு தண்ணீர். காரை முன்னிரவிலேயே மேட்டுக்கு ஓட்டிவிட்டேன். ஆனால் பாலிஷ் இயந்திரம், மின்னூட்டி, நீட்டிப்பு வயர் எல்லாம் தரையில் இருந்தன. சுவர் பிளக் கணுக்கால் உயரத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு முதலில் செய்தது, பிளக்குகளை நெஞ்சு உயரத்துக்கு மாற்றியதுதான். கீழ்த்தட்டில் இன்றுவரை வாளியைத் தவிர எதையும் வைப்பதில்லை.

தரைக்கு எப்பாக்சி என்ற பிசின் சாயம் பூசியவன் நான். படத்தில் பார்த்தால் கண்ணாடி போல இருக்கும். எட்டு மாதத்தில் டயர் நிற்கும் நான்கு இடங்களிலும் தோல் உரிந்தது போலப் பெயர்ந்து வந்தது. இரண்டு காரணங்கள். எங்கள் மண்ணில் ஈரம் சிமெண்ட்டின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. பூசும் முன் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி, ஒரு நாள் கழித்து அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அடுத்தது, நெடுந்தூரம் ஓடி வந்த சூடான டயர் சாயத்தைப் பிடித்து இழுத்துவிடும். சுரண்டி எடுக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது வெறும் சிமெண்ட், மேலே துளையுள்ள பிளாஸ்டிக் கட்டங்கள். தண்ணீர் அடியில் ஓடிவிடும்.

போர்ச்சில் பீங்கான் ஓடு பதித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாக்கை ஓட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் வைத்தான். ஓட்டின் அடியில் எங்கோ வெற்றிடம் இருந்திருக்கிறது. ஓடு உடைந்து ஜாக் சாய்ந்தது. அந்தப் பையனின் கை அப்போது சக்கரத்துக்கு வெளியே இருந்தது, கடவுள் புண்ணியம். தடித்த பிளைவுட் பலகையைப் போட்டு அதன் மேல் ஜாக், தூக்கியவுடன் தாங்கிக் கால்கள், அதன் பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்காதீர்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

கடற்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண இரும்பு அலமாரி ஒரே ஆண்டில் மூட்டுகளில் துரு கக்கியது. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விடியற்காலையில் போய்த் துத்தநாகம் தோய்த்த கம்பிகளைத் தேடி எடுத்து நானே அடுக்கினேன். அந்தச் சந்தையில் நல்ல பழைய ஸ்பேனர்களும் கிடைக்கும். ஆனால் அங்கும் டார்ச் கொண்டு போங்கள், உங்கள் பெரியவர் சொன்னது போல.

கெப்போங் மைவி

நான் அடுக்குமாடியில் இருக்கிறேன். கராஜ் என்று எனக்கு இருப்பது, அடித்தளத்தில் 114-ஆம் எண் போட்ட ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு தூண். தண்ணீர்க் குழாய் இல்லை, கழுவவும் அனுமதி இல்லை. இருந்தும் என் மைவி காரைப் பராமரிக்கிறேன் என்பதற்காக எழுதுகிறேன்.

அலசத் தேவையில்லாத கழுவு திரவம் கொஞ்சம், ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர், எட்டு மைக்ரோஃபைபர் துணிகள். ஒவ்வொரு துணியையும் நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்குத் திருப்புவேன். அழுக்கான துணி மீண்டும் வாளிக்குள் போகாது. தரையில் விழுந்த துணி அன்றைக்கு அந்த வண்டியைத் தொடாது. வீட்டில் அவற்றைத் தனியாகத் துவைப்பேன். துணி மென்மையாக்கி சேர்த்தால் அது இழைகளில் படிந்து, தண்ணீரை உறிஞ்சாமல் செய்துவிடும். வண்டி சேறாக இருந்தால் மட்டும் முதலில் வெளியே கொண்டுபோய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு வருவேன். சேற்றின் மேல் துணி படக் கூடாது.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் விளக்கு. ஓர் இரவு அது மின்னூட்டம் தீர்ந்து அணைந்துவிட்டது. சுற்றி வந்த நேப்பாளக் காவலர் தன் பெரிய டார்ச்சைக் கொண்டு வந்து, நான் கேட்காமலே இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார். முடிக்கும் நேரத்தில் ஒளியை மெல்லத் தரைக்குக் கொண்டுபோனார். என் முன் சக்கரத்துக்குப் பின்னால் பச்சை நிறத்தில் சில சொட்டுகள். ரேடியேட்டர் நீர். ஊரில் தன் அண்ணன் லாரி ஓட்டுகிறார் என்று மட்டும் சொன்னார். மறுநாள் பட்டறையில் குழாய் ஒன்று வெடித்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். அந்த வாரம் அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போக இருந்தேன். நெடுஞ்சாலையில் இயந்திரம் கொதித்து நின்றிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் அவரை மனத்துக்குள் வணங்குகிறேன். பளபளப்புக்காக விளக்கு மாட்டுகிறவர்கள் ஒன்றைத் தரைப் பக்கமும் திருப்பி வையுங்கள்.

செந்தூல் சாகா

இருவருக்கும் நன்றி. தம்பி வீரா, இன்றே பிளைவுட் வாங்கிவிட்டேன். தங்கச்சி, எனக்கும் தரை விளக்கு தோன்றவே இல்லை. காரின் முன்புறம் கீழே ஒன்றைச் சேர்க்கப் போகிறேன்.

விளக்குக்குப் பிறகு என்ன செய்தேன் என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டார்கள். 23 குப்பிகளில் 5 மட்டும் மிஞ்சின. அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை ஷாம்பு, இரும்புத் துகள் கரைக்கும் திரவம், சாயத்தில் ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டி, ஒரு பாலிஷ், ஒரு மெழுகு. இரும்புத் திரவம் அடித்ததும் சக்கரங்களில் ஊதா நிறம் வழியும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகள்கள் அதில் கரைகின்றன. சக்கரத்துக்கான அமிலத் திரவங்களை வீட்டில் வெளுப்புத் திரவம் வைத்திருக்கும் தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். என் மனைவிதான் இதைக் கவனித்துத் தட்டை மாற்றினாள்.

இரண்டு வாளி முறைக்கு மாறினேன். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் மணல் மேலே வராமல் தடுக்கும் சல்லடைத் தட்டு. வேலை முடிந்ததும் இரண்டையும் கவிழ்த்து வைப்பேன். வாளியில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் எழுதுவார்கள். அபராதத்தை விடுங்கள், எங்கள் வரிசையில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கி வந்து மீண்டது.

பாலிஷ் செய்தபோது துணி முழுக்கச் சிவப்பானதைக் கண்டு கை நடுங்கிப்போய்ப் பெரியவரிடம் ஓடினேன். பட்டறையில் அடித்தது ஒரே அடுக்குச் சாயம், மேலே தெளிபூச்சு எனும் நிறமற்ற காப்பு அடுக்கு இல்லை, வெயிலில் செத்த மேல்பகுதிதான் துணியில் வருகிறது, பயப்படாதே என்றார். புதிய வண்டிக்காரர்கள் இதைப் பார்த்து அழுத்தித் தேய்க்க வேண்டாம். உங்கள் தெளிபூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அது தேய்ந்தால் திரும்பாது.

வேலை முடிந்த இரவு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு அப்பாவை அழைத்து வந்தேன். அவருக்குக் கண்ணைவிடக் கைதான் இப்போது துணை. பானெட்டிலிருந்து தொடங்கி வண்டியைச் சுற்றி வந்தார். பின்பெட்டியின் விளிம்பில் விரல் நின்றது. அங்கே ஒரு பள்ளம். விளக்கு வந்த பிறகு நானும் பார்த்திருந்தேன், அடுத்த மாதம் நிமிர்த்திவிடலாம் என்று வைத்திருந்தேன்.

“இது உங்கம்மா அம்மிக்கல்” என்றார். எஸ்டேட் வீட்டைக் காலி செய்து செந்தூலுக்கு வந்த அன்று, இரண்டு பேர் பிடித்தும் அம்மி நழுவி அந்த விளிம்பில் இறங்கியதாம். அம்மாவோ வண்டியைப் பார்க்காமல், கல் உடைந்ததா என்றுதான் கேட்டாளாம். அம்மி இன்னும் பின்கட்டில் இருக்கிறது. அம்மா இல்லை.

அந்த இடத்தை நிமிர்த்தவில்லை. மெழுகு பூசினால் பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது. துணி அங்கே எட்டாது என்பதால் மென்மையான பல்துலக்கி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.