புது டயர் போட்டேன், காற்று எவ்வளவு வைப்பது? 33, 35, 44 என்று மூன்று எண்கள்

வத்தலக்குண்டு_டீச்சர்:
வணக்கம். போன சனிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு கடையில் நான்கு டயரையும் மாற்றினேன். பழைய அளவேதான், 165/80 ஆர்14. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் அங்கேயே முடித்து, நைட்ரஜனும் அடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே வண்டி வேறு மாதிரி இருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் தூக்கிப் போடுகிறது. பின் சீட்டில் இருந்த அம்மா, "புது டயர்னா மெத்துன்னு இருக்கும்னு நெனச்சேன், இடுப்பு வலிக்குதும்மா" என்றார். மறுநாள் பங்கில் பார்த்தால் முன்னால் இரண்டும் 41, பின்னால் 40, 42. கடைக்குப் போன் செய்தேன். "புது டயருக்கு 35 வைங்க மேடம்" என்றார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 44 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. அடுத்த வாரம் ஐந்து பேராகக் கொடைக்கானல் போகிறோம். மேலே குளிரில் காற்று குறைந்துவிடும், கீழேயே கூட அடித்துக்கொள் என்கிறார் அக்கா வீட்டு மாமா. அது சரியா? மலைப்பாதையில் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு போகிறேன், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

டயர்கடை_22வருடம்:
ஸ்டிக்கரில் இருப்பதுதான் டீச்சர், 33.

அந்த 41 எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். டியூப்லெஸ் டயரை ரிம்மில் ஏற்றும்போது அதன் விளிம்பு (நாங்கள் பீட் என்போம்) ரிம்மின் ஓரத்தில் 'டப்' என்று போய் உட்கார வேண்டும். அதற்காக 40 வரை ஏற்றுவோம். உட்கார்ந்த பிறகு அந்த வண்டிக்கான அளவுக்கு இறக்கித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கடைசி வேலை விட்டுப்போகும். என் கடைப் பையன்களிடம் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

44 என்பது டயர் தாங்கும் உச்ச அளவு. ஒரே டயர் லேசான காரிலும் ஓடும், கனமான காரிலும் ஓடும். உங்கள் காரின் எடை கார் கம்பெனிக்குத்தான் தெரியும், அதனால் அவர்கள்தான் எண்ணைக் கதவோரம் ஒட்டியிருக்கிறார்கள். டயர் அளவை மாற்றாதவரை புதுசுக்கு ஒன்று, பழசுக்கு ஒன்று என்று கிடையாது. 35 என்பது வருகிற எல்லா வண்டிக்கும் வாய்ப்பழக்கத்தில் சொல்வது.

41இலேயே ஓட்டினால் டயரின் நடுப்பகுதிதான் ரோட்டை அழுத்தும். நடு சீக்கிரம் தேயும், மழையில் பிடிப்பும் குறையும். ரொம்பக் குறைத்தால் அதைவிட மோசம். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், நாற்கர சாலை வேகத்தில் டயர் வெடிக்கவும் கூடும்.

பங்க் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அப்புறம் ஓடியது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடியதும் 33 என்பது 37, 38 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலையில் 28, 29தான் இருக்கும்.

நைட்ரஜன்தான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சாதாக் காற்று கலந்தால் ஒன்றும் ஆகாது.

ஸ்டிக்கரில் ஆள் நிறைய ஏறினால் என்று இரண்டாவது வரி இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

மலைவண்டி:
கொடைக்கானலுக்கு 14 வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். மாமா சொல்வதில் பாதி சரி. 35 டிகிரி வெயிலிலிருந்து 15 டிகிரி குளிருக்குப் போனால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறையும். ஆனால் கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். இதனால் 3 ஏறும், குளிரால் 3 இறங்கும், கணக்கு சரியாகிவிடும். கீழே ஸ்டிக்கர்படி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறி முடித்ததும் டயரைத் தொட்டால் சுடும், அப்போது அளக்க வேண்டாம். புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும், வளைவில் நிதானம் வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாங்க.

நத்தம்_ராஜா:
டயரில் காற்று குறைந்தால் விளக்கு எரியும் வண்டியா? அப்படியென்றால் காற்றைச் சரிசெய்த பிறகு அதை ரீசெட் செய்யச் சொல்லியிருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சில கார்கள் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும், பழைய கணக்கிலேயே இருந்தால் தப்பாகச் சொல்லும்.

வத்தலக்குண்டு_டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. என் வண்டியில் அந்த விளக்கு இல்லை. ஒரு கேஜ் வாங்கி, காலை ஆறு மணிக்கு வாசலில் வைத்தே நான்கையும் 33க்கு இறக்கினேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஏழு ஸ்பீடு பிரேக்கர், ஒன்றிலும் தூக்கிப் போடவில்லை. ஸ்டெப்னியில் 19தான் இருந்தது! ஸ்டிக்கரில் இரண்டாவது வரியும் இருந்தது, ஐந்து பேருக்குப் பின்னால் 36. இத்தனை வருடமாக அதைக் கவனித்ததே இல்லை.

அப்படியே வைத்துக்கொண்டு கொடைக்கானல் போய் வந்தோம். அங்கே மறுநாள் விடியற்காலை அளந்தேன். முன்னால் 33, 32. பின்னால் வலது 36. மலைவண்டி அண்ணா சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் பின்னால் இடது மட்டும் 32. இறங்குவதற்கு முன் அங்கேயே 36 ஆக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்தால் மறுபடியும் 33.

டயர்கடை_22வருடம்:
வால்வு மேல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்க. டயரோடு வால்வையும் புதுசாக மாற்றினார்களா?

வத்தலக்குண்டு_டீச்சர்:
விட்டுப் பார்த்தேன். வால்வின் அடியில், ரிம்மை ஒட்டிச் சின்னச் சின்னதாகக் குமிழி வருகிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன், வால்வுக்குப் பணம் போடவே இல்லை, பழசுதான். நாளைக்கு நான்கையும் மாற்றச் சொல்லி, என் கேஜையும் கையோடு கொண்டுபோகிறேன்.